150 ஏ.ஹெச் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? புயல் நாளில் நான் தெரிந்துகொண்டது

வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரையோ (காற்றில் இருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின்), மூச்சுவிட உதவும் பைபேப் மிஷினையோ நம்பி யாராவது இருந்தால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறது, பேட்டரி பெரிசு, அதனால் பயமில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். எனக்கு யாரும் இதை முன்னாடியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு ராத்திரித் தூக்கமும் கிட்டத்தட்ட அறுபதாயிரம் ரூபாயும் மிஞ்சியிருக்கும்.

அப்பாவுக்கு சி.ஓ.பி.டி, அதாவது மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய். சென்னை பள்ளிக்கரணையில் இரண்டாவது மாடியில் நானும் அவரும்தான். கணவருக்கு வேலை மஸ்கட்டில். 2022இல் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபோது ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் ஒன்று வாங்கினோம். நிமிடத்துக்கு இரண்டு லிட்டரில் வைத்து நாளின் பெரும்பகுதி மூக்கில் ட்யூபோடுதான் இருப்பார். வீட்டில் ஏற்கெனவே 900 வி.ஏ இன்வெர்ட்டரும் 150 ஏ.ஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரியும் இருந்தன. மிஷின் வந்ததும் இன்வெர்ட்டர் வாங்கிய கடைக்கே போன் போட்டு, கரண்ட் போனால் இது எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டேன். "மிஷின் எத்தனை வாட்ஸ் மேடம்? 350ஆ? அஞ்சு மணி நேரம் தாராளமா போகும்" என்றார். எனக்குப் பிழைப்பே கணக்கு எழுதுவதுதான். அதனால் நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். 12 வோல்ட் பெருக்கல் 150 என்றால் 1800. அதை 350ஆல் வகுத்தால் ஐந்து. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் ஆந்திரா பக்கம் போகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மழை என்னவோ எங்கள் தலையில்தான் கொட்டியது. திங்கள் விடிகாலை கரண்ட் போனது. ஊர் பூராவும் முன்னெச்சரிக்கையாக நிறுத்தியிருந்தார்கள், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. மிஷின் நிற்காமல் ஓடியது. அப்பா விழிக்கவே இல்லை. இன்வெர்ட்டர் டிஸ்ப்ளேயில் இன்னும் 2 மணி 40 நிமிடம் ஓடும் என்று காட்டியது. ஐந்து எங்கே போச்சு என்று ஒரு நிமிடம் திக்கென்றது. சரி, இது ஏதோ குத்துமதிப்பாகக் காட்டுகிறது என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 1 மணி 50. அப்பா எழுந்து பாத்ரூம் போக லைட் போட்டதும் 1 மணி 35. லைட்டை அணைத்ததும் கொஞ்சம் ஏறியது. ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அடுத்த சில நிமிடங்களில் ஃபேன், லைட், மிஷின் எல்லாம் ஒன்றாக நின்றன. மிஷினில் பவர் ஃபெயிலியர் அலாரம் அலறியது. அப்பா கண்ணை முழித்து என்னைப் பார்த்தார். அந்த நேரம் எனக்குக் கை கால் ஓடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த டிஸ்ப்ளே ஏன் அப்படிக் குதித்தது என்று பிறகு புரிந்தது. அந்த நிமிடத்தில் எவ்வளவு லோடு ஓடுகிறது, பேட்டரியின் வோல்டேஜ் எவ்வளவு, இந்த இரண்டை வைத்துப் போடும் உத்தேசம்தான் அது. லோடு ஏறினால் வோல்டேஜ் தணியும், லோடு இறங்கினால் மீண்டும் ஏறும், நேரமும் கூடவே ஆடும். உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று திறந்து பார்த்துச் சொல்கிற கருவி இல்லை அது. பேட்டரியின் நிலையை வோல்டேஜ் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் லோடு எல்லாம் கழற்றி, சில மணி நேரம் சும்மா விட்டுப் பார்க்க வேண்டும். 12.7 பக்கம் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழே போய்விட்டால் பாதிக்கு மேல் காலி.

ஐந்து மணி நேரம் ஒன்றரையாக ஆனது எப்படி என்று பிறகு ஆற அமர உட்கார்ந்து பார்த்தேன். முதலில் இன்வெர்ட்டரின் பங்கு. பேட்டரியில் இருப்பது டி.சி. அதை 230 வோல்ட் ஏ.சி ஆக மாற்றும்போது கொஞ்சம் சூடாகவே போய்விடும். நூறு வாட் வெளியே வர வேண்டுமென்றால் பேட்டரியில் இருந்து 125 வாட்டாவது எடுக்கிறது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அப்போது 350 வாட் மிஷினுக்குப் பேட்டரி கொடுப்பது 437 வாட். பன்னிரண்டால் வகுத்தால் 36 ஆம்பியர்.

அடுத்ததுதான் கடையில் யாரும் வாய் திறக்காத விஷயம். பேட்டரி மேல் 150 ஏ.ஹெச் என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக சி20 என்று இருக்கும். இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால்தான் 150 கிடைக்கும் என்பது அதன் அர்த்தம். அதாவது ஏழரை ஆம்பியர் வேகத்தில். நான் எடுத்தது அதைப் போல ஐந்து மடங்கு. தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரிதான். நிதானமாகப் பிழிந்தால் முழுப்பாலும் வரும். அவசரத்தில் ஒரே பிழியாகப் பிழிந்து போட்டால் சக்கையில் பாதி தங்கிவிடும், சற்று விட்டுப் பிழிந்தால் இன்னும் கொஞ்சம் வரும். லெட் ஆசிட் பேட்டரியும் அதேதான், நின்றுபோன இன்வெர்ட்டர் அரை மணி நேரம் கழித்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடிக் காட்டுவது இதனால்தான். 36 ஆம்பியர் வேகத்தில் எடுத்தால் புத்தம் புது 150 ஏ.ஹெச் பேட்டரியில் 110 அளவுக்குத்தான் தேறும். மூன்று மணி நேரம்.

அதுவும் மிஷின் மட்டும் ஓடினால். என் வீட்டில் இரண்டு பழைய ஃபேன், ஆளுக்கு 75 வாட். இரண்டு லைட், வைஃபை டப்பா. எல்லாம் சேர்த்தால் 540 வாட், பேட்டரியில் இருந்து 56 ஆம்பியர். லோடு ஒன்றரை மடங்கு ஏறினால் நேரம் ஒன்றரை மடங்கு குறையும் என்று நினைப்போம். அதைவிட அதிகமாகக் குறையும், ஏனென்றால் வேகம் கூடக் கூடத் தேறுகிற அளவும் குறைகிறது. புதுப் பேட்டரியே இரண்டு மணி நேரத்துக்குள் கையை விரித்துவிடும். என்னுடையது மூன்று வருஷப் பழசு. கால்வாசி போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்படிப் பார்த்தால் ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு நடந்தது அப்படியே வந்து உட்கார்ந்தது.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால், அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது ஃபேன் கணக்கு. ஒரு ஃபேன், ஒரு லைட், நூறு வாட் என்று ஓடும் வீட்டில் பேட்டரியில் இருந்து பத்து ஆம்பியர்தான் போகும், 150இல் 140 வரைக்கும் தேறும். அங்கே அவருடைய பெருக்கல் வகுத்தல் ரொம்பத் தள்ளிப் போகாது. அதனால் யாரும் திரும்பி வந்து சண்டை போடுவதில்லை. மோட்டாரோ கம்ப்ரஸரோ மாட்டும்போதுதான் அந்தக் கணக்கு கவிழ்கிறது. அப்படியே வி.ஏ பற்றியும் ஒரு வார்த்தை. 900, 1100 என்று இன்வெர்ட்டர் மேல் போட்டிருப்பது ஒரே நேரத்தில் எவ்வளவு லோடு தாங்கும் என்பதற்கு மட்டும். பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் அதிக நேரம் வராது. நேரம் பேட்டரியின் வேலை.

சரி, அன்றைக்கு வருகிறேன். 2021இல் கோவிட் இரண்டாவது அலை நேரத்தில் பயந்துபோய் ஒரு பி டைப் ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கி வைத்திருந்தோம். கட்டிலுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றது. திறந்து பார்த்தால் மீட்டரில் முள் 70இல். நிறைந்திருந்தால் 150 காட்ட வேண்டும். பி டைப்பின் கொள்ளளவு பத்து லிட்டர், அதை முள் காட்டுகிற எண்ணால் பெருக்கினால் உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் கிடைக்கும். 700 லிட்டர். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் 350 நிமிடம், ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்போது போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. அப்பாவைப் பார்க்கும் நுரையீரல் டாக்டர் எடுத்தார். "ஆக்ஸிமீட்டர்ல 88க்கு மேல நிக்குதாம்மா? அப்ப ஒரு லிட்டர்ல வைங்க. எழுந்து நடமாட விடாதீங்க, சாய்ஞ்சே உக்காரட்டும்" என்றார். சி.ஓ.பி.டி உள்ளவர்களுக்கு 88இல் இருந்து 92க்குள் இருந்தால் போதும் என்பதால் அவர் சொன்னது. இதை டாக்டரைக் கேட்காமல் யாரும் செய்ய வேண்டாம், ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு லிட்டரில் வைத்ததும் ஆறு மணி நேரம் பதினொன்று ஆனது.

இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது எனக்கு அப்போது தெரியாது. சிலிண்டரில் குமிழைக் குறைத்தால் நேரம் இரட்டிக்கிறது. கான்சன்ட்ரேட்டரில் குறைத்தால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. பின்னாடி ப்ளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கி அளந்தேன். ஐந்து லிட்டரில் 340 வாட். இரண்டில் 325. ஒன்றிலும் அதேதான். உள்ளே கம்ப்ரஸர் முழுமூச்சாகத்தான் ஓடுகிறது, நமக்கு வேண்டியதை மட்டும் குமிழ் வெளியே விடுகிறது. எல்லாக் கம்பெனி மிஷினும் இப்படி என்று சொல்ல மாட்டேன், சிலவற்றில் குறையலாம். உங்களுடையதை நீங்களே அளந்துவிடுங்கள். பேட்டரியைக் காப்பாற்றுவதாக நினைத்து அப்பாவுக்கு ஆக்ஸிஜனை மட்டும் குறைத்து, பேட்டரிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போகக் கூடாது இல்லையா.

சாயங்காலம் வரை சிலிண்டர் தாங்கியது. முள் பத்துக்கு அருகே வந்துவிட்டது. சிலிண்டர் நிரப்பித் தருபவருக்குப் போன் போகவில்லை, யாருக்குமே போகவில்லை. கீழே தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கறுப்பாக. இருட்டியதும் முதல் மாடி அண்ணி பாவம் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். "அண்ணி, அணைச்சிடுங்க, அணைச்சிடுங்க" என்று நான் போட்ட கத்தலில் அப்பாவே பயந்துவிட்டார். ஆக்ஸிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தி, விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் கூடாது. கரண்ட் இல்லாத ராத்திரியில்தான் இது மறந்துபோகும். டார்ச் மட்டும்.

அண்ணி வந்தது நல்லதாகப் போயிற்று. அவர்கள் வீட்டில் அந்த வருஷம் வாங்கிய இன்வெர்ட்டர், சைன் வேவ் (மெயின் கரண்ட் மாதிரியே சீரான அலையாகக் கொடுப்பது), அதே 150 ஏ.ஹெச். காலையில் இருந்து ஒரு லைட்டைத் தவிர எதையும் போடாமல் வைத்திருந்தார்கள். "உங்கப்பாவுக்கு இல்லாததா" என்று அண்ணன் தன் வீட்டு லைட்டையும் அணைத்துவிட்டு, படிக்கட்டு வழியாக ஜங்ஷன் பாக்ஸை மேலே இழுத்தார். வயர் ஒல்லியாக இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம், சூடேறவில்லை. மிஷின் மட்டும் ஓடியது, ஃபேன் இல்லை, வேறெதுவும் இல்லை. ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் போனது. இரண்டு வீட்டுப் பேட்டரி மேலும் எழுதியிருப்பது ஒரே எண், என் வீட்டில் கொடுத்தது ஒன்றரைகூட இல்லை. அதன் பிறகு விடியும்வரை அப்பா தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். 86, 85 என்று இறங்கும்போது சிலிண்டரின் கடைசிச் சொட்டை அரை லிட்டரில் கொஞ்சம் கொடுத்து நிறுத்துவேன். அந்த ராத்திரியை வேறு யாரும் பார்க்க வேண்டாம்.

விடிந்ததும் தெருப் பையன்கள் அப்பாவை பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்து, சேரோடு தூக்கித் தண்ணீரில் நடந்து மெயின் ரோடு வரை கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் அதற்கு மேல் வர முடியவில்லை. ஜெனரேட்டர் ஓடும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதற்கு அறை வாடகை, டெஸ்ட், ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல். இன்ஷூரன்ஸ் கொடுக்க மறுத்துவிட்டது, ஏற்கெனவே இருந்த நோயாம். வீட்டுப் பேட்டரியும் காலியாகவே கிடந்ததில் கெட்டுப்போய், புதிது போட வேண்டி வந்தது. லெட் ஆசிட் பேட்டரியைக் காலியாக விட்டுவைத்தால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். தீர்ந்ததும் கூடிய சீக்கிரம் சார்ஜ் ஏற வேண்டும், அன்றைக்கு அதற்கு வழியில்லை.

திரும்பி வந்த பிறகும் கரண்ட் வந்து வந்து போனது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஒரு மணி நேரம் வந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தைச் சமாளித்துவிடலாம் என்று மனசு கணக்குப் போடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் அனுப்புவது பத்து, பதினைந்து ஆம்பியர்தான். மிஷின் எடுப்பது 36. ஒரு மணி நேரம் ஏறியதை இருபது நிமிடத்தில் குடித்துவிடும். முழுக்கக் காலியான பேட்டரி மறுபடி நிறைய பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கரண்ட் எத்தனை தடவை வந்தது என்று பார்த்துப் பிரயோஜனமில்லை, மொத்தம் எத்தனை மணி நேரம் இருந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

பவர் பேங்க் பற்றியும் நிறைய பேர் ஏமாறுகிறோம். 10,000 எம்.ஏ.ஹெச் என்றால் 5,000 எம்.ஏ.ஹெச் போனை இரண்டு தடவை நிரப்பும் என்று தோன்றும். அந்த 10,000 உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்னது, அதாவது 37 வாட் ஹவர் (ஏ.ஹெச்சை வோல்ட்டால் பெருக்கினால் வருவது). 5 வோல்ட்டாக ஏற்றி வெளியே விடும்போது ஒரு பங்கு போய்விடும். ஒன்றரை தடவை வந்தால் சந்தோஷம். ஏ.ஹெச், எம்.ஏ.ஹெச் எதைச் சொன்னாலும் எத்தனை வோல்ட்டில் என்று கேட்டு, வாட் ஹவராக மாற்றிக்கொண்டால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும்.

இப்போது செய்துவைத்திருப்பதைச் சொல்கிறேன். புதுப் பேட்டரி வந்த பிறகு, மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், நிறைந்த சிலிண்டரில் அப்பாவை மாற்றி உட்கார வைத்துவிட்டு, மெயினை அணைத்து மிஷினை மட்டும் இன்வெர்ட்டரில் ஓடவிட்டேன். அது நிற்கும்வரை விடவில்லை, முதல் பீப் வந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு மெயினைப் போட்டேன். அந்த நேரமும் தேதியும் இன்வெர்ட்டர் மேல் ஒரு தாளில் ஒட்டியிருக்கிறது. எந்த ஃபார்முலாவையும்விட நான் அதைத்தான் நம்புகிறேன். மழைக்காலத்துக்கு முன்னாடி வருஷா வருஷம் மறுபடி பார்ப்பேன். அடிக்கடி செய்யக் கூடாது, ஒவ்வொரு முறை அடிமட்டம் வரை இறக்கும்போதும் பேட்டரிக்கு ஆயுசு குறையும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்வெர்ட்டர் லைனில் அப்பா அறையின் ப்ளக் பாயிண்டையும் ஒரு லைட்டையும் மட்டும் விட்டு மற்றதைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன். அந்த அறையில் பி.எல்.டி.சி ஃபேன், முழு வேகத்திலும் முப்பது வாட் சொச்சம். பழைய ஃபேனை மாற்றியதுதான் இதில் எல்லாவற்றிலும் மலிவான வேலை. டிஸ்டில்ட் வாட்டர் மிதவையைப் பார்த்து ஊற்றுகிறேன். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் மிஷின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். கம்ப்ரஸர் உள்ளவற்றுக்கு சைன் வேவ்தான் ஒத்துக்கொள்ளும், இல்லையென்றால் உறுமும், சூடேறும். தொடங்குகிற நொடியில் கம்ப்ரஸர் ஓடும் வாட்டைவிட இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், அதற்கும் இன்வெர்ட்டரில் இடம் இருக்க வேண்டும்.

லித்தியம் பேட்டரி போடலாமே என்று தம்பி சொன்னான், விசாரித்தேன். 12.8 வோல்ட் 100 ஏ.ஹெச் என்றால் 1280 வாட் ஹவர். வேகமாக எடுத்தாலும் எழுதியிருப்பதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும், சீக்கிரம் சார்ஜும் ஆகும், எடையும் குறைவு. கணக்குப் பார்த்தால் என் மிஷினுக்கு அதுவும் மூன்று மணி நேரத்துக்கு அருகேதான் வருகிறது. அப்போது விலை இரண்டு மடங்கு, போதாததற்கு என் பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் சார்ஜிங் கிடையாது, அதையும் மாற்ற வேண்டும். ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லையென்றால் எந்தப் பேட்டரியும் எனக்குப் போதாது என்பது தெரிந்த பிறகு, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து இன்னொரு பி டைப் சிலிண்டர் வாங்கினேன். நிறைந்தது ஒன்று இரண்டு லிட்டரில் பன்னிரண்டரை மணி நேரம். இரண்டு என்றால் ஒரு முழு நாள். பெரிய டி டைப் ஏழாயிரம் லிட்டர், இரண்டு நாளுக்கு மேல் வரும் என்று ஆசையாக இருந்தது. லிஃப்ட் இல்லாத வீட்டில் அதை இரண்டாவது மாடிக்கு யார் தூக்குவது? அக்டோபர் பிறந்ததும் இரண்டு சிலிண்டரின் முள்ளையும் பார்த்துவிட்டு, குறைந்திருந்தால் அன்றே நிரப்பக் கொடுத்துவிடுகிறேன். புயல் பெயர் டிவியில் வந்த பிறகு போனால் கடையில் வரிசை நிற்கிறது.